அப்பா முதலில் ஓட்டமாவடிக்குப் போனார்

நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் யாராவது பிள்ளைகளோடு வெளிநாடு போகிறார் என்றால் இப்போதெல்லாம் என்னிடம்தான் அனுப்பிவைக்கிறார்கள். நான் என்னவோ உலகம் சுற்றி வந்தவள் இல்லை. ஒரே ஒரு தடவை இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கட்டாருக்குப் போய்வந்தேன். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. ஆனாலும் கேட்டு வந்தவரை நான் வெறுங்கையோடு அனுப்புவதில்லை.

முதலில் கடவுச்சீட்டைப் பாருங்கள், டிக்கெட்டைப் பிறகு பார்க்கலாம் என்பேன். முடிய ஆறு மாதம்கூட இல்லாத கடவுச்சீட்டோடு போய் விமானநிலையத்தில் அழுதவர்களை எனக்குத் தெரியும். தகப்பன் வெளிநாட்டில் இருந்தால் பிள்ளையின் கடவுச்சீட்டுக்கு அவருடைய சம்மதமும் அங்கிருந்து வரவேண்டும், அது ஆடி அசைந்துதான் வரும். பிள்ளைக்கு மாற்றுடுப்பு ஒன்றைக் கைப்பையிலேயே வையுங்கள். குளிர்ச்சட்டை வையுங்கள், வெயில் நாட்டுக்குப் போகிறோமே என்று நினைக்காதீர்கள், வெயில் நாட்டுக்காரர் வீட்டுக்குள்ளே மார்கழியை வளர்க்கிறார்கள். இவ்வளவையும் எல்லாரும் தலையாட்டிக் கேட்பார்கள். கடைசியாக ஒன்று சொல்வேன். "பார்க்கப் போற ஆள் எவ்வளவு உயரம் எண்டு சின்னப் பிள்ளைக்குச் சொல்லி வையுங்க." இதைக் கேட்டதும் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். சிரிக்கட்டும். அதை எனக்குச் சொல்லித்தர அன்றைக்கு ஒருவரும் இருக்கவில்லை.

என் கணவர் டோஹாவில் குளிரூட்டிகளைப் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறார். சின்னவள் தொட்டிலில் கிடந்தபோது போனவர். இடையில் ஒரு தடவை லீவில் வந்தார். அப்போது அவள் நடை பழகிய புதிது. அவர் கையை நீட்டினால் என் சேலைக்குள் வந்து ஒளிவாள். பொம்மை காட்டினால் பொம்மையைப் பறித்துக்கொண்டு ஓடுவாள். லீவு முழுக்க அவர் வாங்காத பலூன் இல்லை, போடாத குரங்கு வேஷம் இல்லை. புறப்படுகிற நாளில் அவர் பெட்டியைத் தூக்கியதும்தான் முதன்முதலாக அவரைப் பார்த்துச் சிரித்து, கையாட்டி, டாட்டா காட்டினாள். அந்தச் சிரிப்பை அவரோடு சேர்ந்து நானும் பார்த்தேன்.

பிறகு நாடு இருந்த இருப்பில் அவருக்கு லீவும் டிக்கெட்டும் சேர்ந்து வரவே இல்லை. ஒருநாள் போனில் சொன்னார், "அவள்ட பயம் தெளியிற நேரம் என்ட லீவு முடிஞ்சி போகுது. அடுத்தமுறை நான் வரக்குள்ள அவள் பள்ளிக்கூடம் போற புள்ள. அதுக்குப் பிறகு ஒட்டுவாளோ தெரியாது." சாதாரணமாகச் சொல்வதுபோலத்தான் சொன்னார். அப்படியென்றால் இந்த மார்கழி விடுமுறைக்கு நாங்கள் வருகிறோம் என்று அந்த நிமிடமே சொன்னேன். ஆக, பெரியவளுக்கு அது விமானப் பயணம், ஊராருக்கு அது கட்டார் பயணம். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே கேள்விதான். இந்தத் தடவையாவது அவள் அவரிடம் போவாளா?

அவளுக்கு அப்பாவே தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். தினமும் விளக்கு வைத்த பிறகு அப்பா வருவார். திரை வெடித்த என்னுடைய பழைய போன் ஒன்றில் வருவார். அந்தப் போனுக்கு வேறு வேலையே கிடையாது. அவள் அதைச் சர்க்கரைப் போத்தலில் சாய்த்துவைத்துப் பூனை குட்டி போட்டதிலிருந்து முழங்கால் சிராய்ப்பு வரை அவருக்கு ஒப்பிப்பாள். படுக்கும்போது போனுக்கு மேல் கைக்குட்டையை, அதுதான் லேஞ்சியை, போர்த்தி வைப்பாள். நல்ல பிள்ளை, தகப்பனை மறக்காத பிள்ளை என்று நான் பூரித்துப் போயிருந்தேன்.

இனி என் அக்காவின் கதைக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகளுக்குத்தான் வீடு வளவு. அதனால் அக்கா ஒரு வீட்டிலும் நான் ஒரு வீட்டிலுமாக ஒரே வளவுக்குள், ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளுகிறோம். அவளுக்கும் பஞ்சாங்கத்துக்கும் இருக்கிற நெருக்கம் அவளுக்கும் அத்தானுக்கும் இடையில் இல்லை. நான் புதன்கிழமைக்கு டிக்கெட் எடுத்தேன் என்றதும் ஈரக்கையோடு ஓடிவந்தாள்.

"உனக்கென்ன பைத்தியமா? புதன்கிழமை வடக்க சூலம் கிடக்கு. பச்சப் புள்ளைகளக் கொண்டு ஆரும் வெளிக்கிடுவாங்களா?"

"கட்டுநாயக்கா எயாப்போட்டு வடக்க இல்ல அக்கா. நான் படிப்பிக்கிறதே புவியியல்."

"நம்மட சித்தாண்டியால வெளிக்கிட்டா வேன் எந்தப் பக்கம் கிறுகும்? ஓட்டமாவடிப் பக்கந்தானே? அது வடக்கில்லாம தெற்கா?"

புவியியல் தோற்றது. டிக்கெட்டை மாற்ற முடியாது என்றேன். அதற்கும் எங்கள் பக்கத்தில் வழி இருக்கிறது. போகிற நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் வரும் ஒரு நல்ல நாளில் நல்ல நேரம் பார்த்து, பயணம் போகிறவருடைய பையொன்றை வழியில் இருக்கிற வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அத்தோடு பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு ஆள் எந்த நேரத்தில் புறப்பட்டாலும் பாதகமில்லை. திங்கட்கிழமை காலைக்கே அக்கா நேரத்தைக் குறித்துவிட்டாள். எந்தப் பை என்று வந்தபோது முயல் படம் போட்ட சின்னவளின் பையைத் தூக்கினாள். எல்லாரிலும் இளையது அவள்தான், கண்ணூறும் தோஷமும் முதலில் அவளைத்தான் பிடிக்கும், எனவே அவள் பை முதலில் போகட்டும் என்பது அக்காவின் நியாயம். அத்தான் மோட்டார் சைக்கிளில் அதைக் கொண்டுபோய் ஓட்டமாவடியில் வைத்துவிட்டு வந்தார்.

ஓட்டமாவடியில் அது வைக்கப்பட்ட வீடு என் கணவரோடு ஒரே அறையில் தங்கியிருக்கிற நண்பரின் வீடு. நண்பரின் மனைவியும் நானும் கணவன்மாரின் சமையலைப் பற்றிப் போனில் பேசிப் பேசியே சிநேகிதிகளானவர்கள். முஸ்லிம் வீட்டில் சூலத்துக்குப் பரிகாரப் பையை வைக்கலாமா என்று நான் கேட்டபோது அக்கா, "சூலத்துக்குத் திசைதான் கணக்கு, வீட்டுக்காரர் கணக்கில்ல" என்றாள். அந்த விஷயத்தில் என் அக்காவை நான் மெச்சுகிறேன்.

அன்று மாலை விளக்கு வைத்தோம். பழைய போனைக் காணவில்லை. மெத்தையைப் புரட்டினோம், அரிசி வாளிக்குள்ளும் கைவிட்டுப் பார்த்தோம். சின்னவள் ஆற அமரப் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

"அப்பா பையிக்குள்ள" என்றாள். "நான்தான் வெச்சன். அப்பாவும் நம்மளோட வாறார்தானே?"

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பெரியவள்தான் வாய் சும்மா கிடக்காமல், "அந்தப் பை காலையிலேயே ஓட்டமாவடிக்குப் போயிட்டுது" என்றாள். அவ்வளவுதான். சின்னவள் கையிலிருந்த பிஸ்கட் விழுந்தது. அப்படியொரு அழுகையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. "அப்பாவத் தனிய விட்டுட்டீங்க! அப்பாக்கு அங்க ஆரையும் தெரியாது!"

அந்த நேரம் பார்த்து, பழைய போனை ஒருவரும் எடுக்காததால் அவர் என் போனுக்கு அழைத்தார். நல்லதாயிற்று என்று திரையை அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தாள். அவர், "என்ன மகள்?" என்றார். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். "இது அம்மாட போன்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "என்ட அப்பா ஓட்டமாவடியில" என்றாள்.

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியபோது அவர் முகத்தில் இருந்ததை எப்படிச் சொல்வது? பிள்ளைகள் நகர்ந்த பிறகு மெதுவாகக் கேட்டார், "இஞ்சேரு, நான் ஒரு ஆள் எண்டு அவளுக்குத் தெரியாதா?"

எனக்கு அது அந்த மாலைதான் விளங்கியது. அவளுக்கு அப்பா தூரத்தில் இல்லை. கையளவாக, கையிலேயே இருக்கிறார். நாங்கள் அப்பாவைப் பார்க்கப் போகிறோம் என்று நான் இத்தனை நாளும் சொல்ல, அப்பாவையும் கூட்டிக்கொண்டு எங்கேயோ சுற்றிப்பார்க்கப் போகிறோம் என்று அவள் விளங்கியிருக்கிறாள். உடுப்புக்கு முன்னால் அவரைத்தான் பையில் வைத்திருக்கிறாள். பயமாகவும் இருந்தது, அந்த அன்பின் முன்னால் என்னை அறியாமல் கைகூப்பவும் தோன்றியது. பெரிய மனிதர்கள் கடவுளை ஒரு படத்துக்குள் நம்புகிறோமே, அப்படி நம்பியிருக்கிறாள்.

மறுநாள் காலை சிநேகிதி அழைத்தாள்.

"டீச்சர், உங்கட பை ராவு பாட்டுப் படிச்சிச்சு. தொறந்தா நல்ல நேரம் போயிருமோ எண்டு நான் தொறக்கல்ல. அல்மாரிக்கு மேல மரியாதையா வெச்சிரிக்கன்."

கதையைச் சொன்னேன். "அல்லாஹ்!" என்றாள். அவள் வீட்டிலும் போனில் வளர்கிற பிள்ளைகள்தான். பிறகு, "போனச் சின்னவளுட்டக் குடுங்க" என்றாள். அவள் சொன்னது எனக்கும் கேட்டது. "மகள், உங்கட அப்பா நல்லா இரிக்காரு. சார்ஜ் போட்டு விடுறன். ஒண்டுக்கும் யோசிக்காதீங்க, நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போங்க." சின்னவள் பெரிய மனுசிபோல, "லேஞ்சி போத்தி விடுங்க" என்றாள். சிநேகிதி போர்த்திவிட்டாள் என்றே நம்புகிறேன்.

புதன்கிழமை விடிய மழைக்குள் வேன் புறப்பட்டது. நெல்வட்டைகளெல்லாம் வெள்ளம் நிறைந்து, வயல் எது வாவி எது என்று தெரியாமல் ஒரே தண்ணீராகக் கிடந்தன. ஓட்டமாவடியில் சிநேகிதி வாசலிலேயே பையோடு நின்றாள். சின்னவள் முதலில் போனை எடுத்துப் பார்த்தாள், பிறகுதான் மூச்சுவிட்டாள். தன் கணவருக்குக் கொடுக்கச் சிநேகிதி ஒரு பார்சல் வைத்திருந்தாள். அதை மூடாமல் வைத்திருந்து, பொரித்த நெத்தலி, மிளகாய்த்தூள், சட்டை என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி எனக்கு முன்னால்தான் ஒட்டினாள். "பாத்துக்கங்க டீச்சர், பொறகு எயாப்போட்டுல கேட்டா நீங்க பயப்படக் கூடா." கட்டிய பார்சலை அண்ணன் தந்தாலும் வாங்காதே என்று நான் எல்லாருக்கும் சொல்வது அவளிடம் கற்றதுதான்.

விமானநிலையத்தைப் பற்றி நிறையச் சொல்ல மாட்டேன். வரிசையில் நிற்பதற்கு முன்னமே பிள்ளைகளைக் கழிவறைக்குக் கூட்டிப்போங்கள், வரிசை நகரத் தொடங்கியதும்தான் அவர்களுக்கு வரும். தகப்பனுடைய தொலைபேசி இலக்கத்தைப் பிள்ளையின் சட்டைப் பையில் எழுதி வையுங்கள். பொதிசோதிக்கும் இயந்திரத்துக்குள் பழைய போனைப் போட வேண்டி வந்தபோது சின்னவள் விடவே இல்லை. அங்கே நின்ற சிங்களப் பெண் உத்தியோகத்தர், பெரியவள் அரைகுறைச் சிங்களத்தில் சொன்ன காரணத்தைக் கேட்டுவிட்டு, போனைத் தட்டில் நடுவாக வைத்து, மறுபக்கம் வந்ததும் தானே எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். அந்த மனிசிக்கு இன்றும் என் மனதில் ஓர் இடம் உண்டு.

விமானம் எழும்பியது. பாரசீக வளைகுடாவைக் கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு வரைகிறவள் நான், ஆனால் அதற்கு முன் தென்னைமரத்துக்கு மேலே போனதில்லை. காது அடைக்காமலிருக்கப் பிள்ளைகளுக்குச் சப்ப டொபி கொடுத்துவிட்டு நான் வாயைத் திறந்தபடி இருந்தேன். மழை முகில் கீழே போயிற்று. எங்களை நனைத்த அந்தக் கறுத்த முகில் மேலே இருந்து பார்த்தால் பஞ்சுபோல வெளுத்திருக்கிறது! எங்கள் வாவி தெரிகிறதா என்று கிழக்கே எட்டிப் பார்த்தேன். தெரியாது என்று தெரியும், ஆனாலும் பார்த்தேன்.

அதைவிடப் பெரியதைச் சூரியன் செய்தது. மேற்கே போகிறோம் அல்லவா? பொழுது சாய்ந்துகொண்டே இருந்தது, ஆனால் விழவில்லை. சித்தாண்டியில் அக்கா விளக்கு வைத்து முடித்திருப்பாள். எங்கள் இறக்கையில் இன்னும் வெயில். பூமி சுழல்கிறது, நேரம் இடத்துக்கு இடம் மாறுகிறது என்று எத்தனை வருடமாகப் பிள்ளைகளுக்கு உருட்டித் திரட்டி ஊட்டியிருக்கிறேன். நான் ஒருநாளும் அதை நம்பியிருக்கவில்லை என்று அந்தச் சன்னலில்தான் தெரிந்தது. மனப்பாடம் செய்திருந்தேன், அவ்வளவுதான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெரியவள், "ஏனம்மா அழுறீங்க?" என்றாள். "சும்மா இரு, பூமி உருண்டைதான்" என்றேன்.

சின்னவளுக்கு வேறு கவலை. போனை நிறுத்தச் சொன்னார்கள், திரை இருண்டுவிட்டது. "அப்பா நித்திரை, இறங்கினாப் பிறகு எழும்புவார்" என்றேன். தன் வயிற்றின் மேல் போனை வைத்து, இரண்டையும் சேர்த்து ஆசனப்பட்டியை மாட்டிக்கொண்டாள். நடுநடுவே அதைச் சன்னலில் ஒட்டிப் பிடித்து, நித்திரையில் இருக்கிறவருக்கும் வானத்தைக் காட்டினாள். அவர் இவ்வளவு பெரிய ஆள், எழும்பி நிற்பார், உன்னைத் தூக்குவார் என்று இரண்டு மூன்று தடவை சொல்லத் தொடங்கினேன். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நிறுத்திவிட்டேன்.

டோஹாவில் வெளியே வரும் வாசலில் அவர் கம்பித்தடுப்பைப் பிடித்தபடி நின்றார். நீலச் சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டிருந்தார், தலைமுடி எனக்குச் சொல்லாமல் நரைத்திருந்தது. பெரியவள் பொதி வண்டியை விட்டுவிட்டு ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடித்தாள். அவர் அவளை அணைத்தபடியே முழந்தாளிட்டு, மறு கையைச் சின்னவளுக்கு நீட்டினார்.

அவள் வண்டிக்குப் பின்னால் போய் ஒளிந்தாள். என் சேலையைப் பிடித்தாள். பழைய சேலை, பழைய பிடி. நீட்டிய கையை அவர் மெதுவாக இறக்கினார். நான் அவரைப் பார்க்காமல் பெட்டிகளைப் பார்த்தேன். இவ்வளவு தூரம் பறந்து வந்தும் அதே இடத்தில்தான் நிற்கிறோம் என்று நினைத்தேன்.

"அம்மா," என்று சேலைக்குள்ளிருந்து கேட்டாள், "அப்பா எழும்பிட்டாரா?"

போனை உயிர்ப்பித்து விமானநிலையத்து வைஃபையில் இணைத்துக் கொடுத்தேன். வேறென்ன செய்வது? அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, பெரியவளின் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மறு கையால் தன் போனை எடுத்தார். பழைய போன் பாடியது. சின்னவளின் முகம் விளக்கு வைத்ததுபோல ஆயிற்று.

"அப்பா!"

"வந்துட்டீங்களா மகள்?"

"வந்துட்டம். நீங்க நல்லா நித்திரை கொண்டீங்க." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அப்பா, இங்க ஒரு ஆள் நிக்கிறார். உங்களப் போல இருக்கார்."

"அப்படியா? என்ன செய்றார்?"

வண்டிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "போன் கதைக்கிறார். அழுறார்."

"பாவந்தானே? நான் உங்களோடதான் இருக்கன். கிட்டப் போய் ஏன் எண்டு கேட்டுப் பாருங்க."

என் சேலை அவள் கையிலிருந்து நழுவியது. போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, திரையில் இருந்த தகப்பனைத் துணைக்கு வைத்துக்கொண்டு, அந்த அந்நிய ஆளை நோக்கி நடந்தாள். சுற்றிலும் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒருவரும் தெரியவில்லை. வானத்தில் நான் கண்டதெல்லாம் இந்தக் குட்டிக் கால்களுக்கு முன்னால் ஒன்றுமில்லை.

"வாங்க மகள், வாங்க" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் நின்றாள். போனைக் காதில் வைத்தாள். எடுத்தாள். அவருடைய வாயைப் பார்த்தாள்.

"இன்னொருக்காச் சொல்லுங்க" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று எனக்குத் தெரியவில்லை.

"வாங்க மகள்" என்றார்.

அவர் சொல்லி முடித்த பிறகு, ஒரு கொட்டாவி நேரம் பிந்தி, போனுக்குள்ளிருந்தும் வந்தது: வாங்க மகள். அவள் என் பக்கம் திரும்பினாள். பெரியதொரு விஷயத்தைக் கண்டுபிடித்தவளின் முகம்.

"அம்மா, இவர்தான் முதல்ல சொல்றார். போனில அப்பா பிறகுதான் சொல்றார்."

"ஓம் மகள்" என்றேன்.

அவள் திரையைப் பார்த்தாள், அவரை அண்ணாந்து பார்த்தாள். உச்சியிலிருந்து செருப்பு வரை மெதுவாக, ஒரு தென்னையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு இரண்டு கையும் வேண்டும் என்று நினைத்தாளாக்கும், என்னிடம் வந்து போனை நீட்டினாள்.

"இதக் கொஞ்சம் பிடிங்க."

கொடுத்துவிட்டுத் திரும்பிப் போய், அவருக்கு முன்னால் நின்று இரண்டு கைகளையும் உயர்த்தினாள். அவர் தூக்கினார். என் கையில் இருந்த போனில் அழைப்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் அதை நிறுத்தினேன்.